குட்டி என்ஜினும் 1,472 நாட்களும்

அமெரிக்காவின் பாரம்பரிய ரயில் பாதைகளில் சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் செல்லும் பழைய நீராவி என்ஜின்களில் எனக்கு எப்போதும் சிறியவற்றின் மேல்தான் ஈடுபாடு அதிகம். மெதுவாக ஊரும் குறுகிய தடத்தில் பிரம்மாண்டமான என்ஜினை ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. சிறியதோ பழைய பாலங்களையும் கூர்மையான வளைவுகளையும் வருத்தாமல் கடந்துவிடும்.

ஆனால் சிறியது என்பதற்காகக் கொதிகலன் சலுகை காட்டாது. கரி எரியும் எரிபெட்டியின் மேல்தகட்டை எந்நேரமும் நீர் மூடியிருக்க வேண்டும் என்பதால், கரி அள்ளிப் போடுபவரின் கண் நெருப்பைவிட நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில்தான் அதிகம் நிற்கும். 1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கார்ட்னர்ஸ் அருகே, சுற்றுலா ரயில் ஒன்றை இழுத்த என்ஜினில் நீர் குறைந்து, மேல்தகடு பழுக்கக் காய்ந்து பிய்ந்துகொண்டதில், ஓட்டுநர் அறையில் இருந்த மூவர் தீக்காயம் அடைந்தார்கள்.

அதன் பிறகு, 2000இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகளின்படி, 1,472 பணிநாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனுக்குள் இருக்கும் குழாய்களை எல்லாம் கழற்றிக் கொதிகலனை முழுமையாகச் சோதித்தாக வேண்டும். எரிபெட்டியில் நெருப்பிட்டு நீராவி அழுத்தம் ஏறிய எந்த நாளும் பணிநாள்தான், வண்டி ஓர் அடிகூட நகராவிட்டாலும். (வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் புகை விடச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.) வார இறுதிகளில் மட்டும் ஓடும் என்ஜின்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கே முந்திக்கொள்கிறது.