மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டு

நவம்பர் 17
ஏற்காட்டிலிருந்து இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் தம்பி வாயைத் திறந்துதான் மூச்சு விட்டான். மலையில் பார்த்தவர், "காய்ச்சல் 99தானே, சளிதான்" என்று சிரப் எழுதி அனுப்பியிருக்கிறார், கிட்னி மாற்றியவன் என்று அவன் மனைவி கலா சொல்லியும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்த உடம்பு காய்ச்சலைக் காட்டாமலே இருக்கும் என்று இங்கே டூட்டி டாக்டர் சொன்னார். ராத்திரியே ஃப்ளூவுக்கான மாத்திரை, டாமிஃப்ளூ, ஆரம்பித்தாயிற்று.

நவம்பர் 18
ஃப்ளூ சோதனைக்குத் தொண்டையில் எடுத்தது நெகட்டிவ். கலா சாமி கும்பிட்டாள். டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை.

நவம்பர் 19
மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். நுரையீரலிலிருந்து உறிஞ்சியெடுத்த சளியில் எச்1என்1. தொண்டையில் இல்லாதது கீழே உட்கார்ந்திருக்கிறது. 2009-ல் ஊரையே நடுங்க வைத்த பன்றிக் காய்ச்சல், இப்போது வருஷா வருஷம் வந்து போகிற சாதாரண ஃப்ளூவாம். சாதாரணம்!
மூத்திரம் சேர்கிற பையில் மணிக்கு 40 மில்லி.

நவம்பர் 20
மைக்கோஃபீனோலேட்டை நிறுத்திவிட்டார்கள். டாக்ரோலிமஸ் பாதி. ஸ்டீராய்டு மட்டும் தொடர்கிறது, பல வருஷம் சாப்பிட்டவனுக்குச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. மூன்றும் என் கிட்னியை அவன் உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தானே? "நுரையீரல் பிழைத்தால்தானே மற்றதெல்லாம்" என்றார் டாக்டர். சரி. எனக்கும் அறிவு இருக்கிறது. ஆனால் அவன் வலது அடிவயிற்றில் இருப்பது என்னுடையது. கொடுத்த பிறகு என்னுடையது என்று சொல்லாதே என்று அம்மா அதட்டுகிறாள். சொல்லவில்லை அம்மா, எழுதுகிறேன்.
38. 35. ஏழு மணிக்கு 31.

நவம்பர் 22
மூச்சு நன்றாக ஏறக் குப்புறப் போட்டிருக்கிறார்கள், ஒரே நீட்டாகப் பதினாறு மணி நேரம். அடிவயிறு அழுந்தாதா என்று கேட்டேன். சிஸ்டர் போர்வையை விலக்கிக் காட்டினாள்: நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, நடுவில் வயிறு படுக்கையில் படாமல் தொங்குகிறது. கை நுழைகிற இடைவெளி. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

நவம்பர் 23
28.

நவம்பர் 25
வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம். பையன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சளியாகத்தான் இருக்கும், அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. நாங்கள் போட்டது செத்த வைரஸ் ஊசி, தம்பிக்கும் போடலாம். மூக்கில் விடுகிற உயிருள்ள வகைதான் அவனுக்கு ஆகாதாம்.

நவம்பர் 29
இப்போது பூஞ்சை. ஃப்ளூ புண்ணாக்கிய நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஏறிக்கொள்ளுமாம். அதற்குக் கொடுக்கிற வோரிகோனசோல் ரத்தத்தில் டாக்ரோலிமஸை எகிற வைக்கும். கூடினால் கிட்னிக்கு விஷம், குறைந்தால் உடம்பு அதைத் தள்ளிவிடும். பாதியாக்கியதை இன்னும் குறைத்து, அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்.
அம்மா கோட்டை மாரியம்மனுக்குப் போய்விட்டு வந்து திருநீறை என் கையில் கொடுத்தாள். உள்ளே விடமாட்டார்கள். என் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன்.

டிசம்பர் 2
வைரஸ் இன்னும் இருக்கிறது. ஐந்து நாள் மாத்திரை என்பதெல்லாம் நமக்குத்தான். இவனைப் போன்றவர்களிடம் வாரக்கணக்கில் தங்குமாம், மருந்துக்கு மசியாத வகையாக மாறவும் கூடும். அதற்கும் ஒரு சோதனை அனுப்பியிருக்கிறார்கள்.
45!

டிசம்பர் 4
55. தூக்க மருந்தைக் குறைத்தார்கள். "அக்கா வந்திருக்கேன்டா" என்றதும் புருவம் ஏறியது, கலாவும் பார்த்தாள். காபி பழுத்துவிட்டது, பறிக்க ஆள் விடலாமா என்று மேஸ்திரி போன். விடச் சொல்லிவிட்டேன். டாக்ரோலிமஸ் அளவு நாலு மணிக்கு மேல்தான் வரும். கலா காலையிலிருந்து சாப்பிடவில்லை, தட்டுவடை செட்டாவது வாங்கி வருகிறேன்.