குளிரில் பிழைத்தது, கதகதப்பில் வெடித்தது: கிரேப் மிர்ட்டில் குளிர்காலக் கணக்கு

கிரேப் மிர்ட்டில், கொத்துக்கொத்தாகப் பூத்து, குளிரில் இலை உதிர்க்கும் செடி. இங்கே இருக்கும் ஆறில் ஐந்து இந்தக் குளிரைத் தாண்டித் தேறிவிட்டன. நான்கு தொட்டிச் செடிகளும் நுனி வரை பச்சையோடு நிற்கின்றன. தரையில் நிற்கும் 'நாட்செஸ்' ரகம் ஒரு சுள்ளிகூட இழக்கவில்லை. போனது, சுற்றிச் சுற்றிப் போர்த்திவிட்ட சிவப்பு 'டைனமைட்' ஒன்றுதான். அதுவும் கடுங்குளிரில் போகவில்லை. குளிர் விட்டுவிட்டது என்று நம்ப வைத்த அந்த ஒரு வாரம்தான் அதை முடித்தது.

சேதம் இப்படி: தரைமட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கால் உயரம் வரை, வெயில் படும் பக்கத்தில் பட்டை நெடுக்காகப் பிளந்திருக்கிறது. விளிம்பைக் கத்தி முனையால் தூக்கினால் உள்ளே பழுப்பு. ஆனால் மேலே கிளையைச் சுரண்டினால் இன்னும் பச்சை! இந்தச் செடி ஏமாற்றுவது இங்கேதான். கீழே பட்டை கழன்ற செடியும் தண்டில் மிச்சமிருக்கும் சத்தை வைத்துத் தளிர்விடும், சில வாரம் செழிப்பாகக்கூடக் காட்டும், வெயில் ஏறியதும் மொத்தமாகத் தொங்கிவிடும். அதனால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை நுனியோடு நிறுத்தக்கூடாது. தூரில் நாலு பக்கமும் சுரண்ட வேண்டும்.

இயல்பாகப் பட்டை உரிவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வயதான கிரேப் மிர்ட்டில் காகிதம் போல மெல்லிய செதிலாக உரியும். உரிந்த இடம் வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். ஆபத்தான பிளவு கட்டை வரை இறங்கும். விளிம்பு தூக்கி நிற்கும், அழுத்தினால் உள்ளே வெற்றிடம் தெரியும்.

வெடித்ததற்குக் காரணம் போர்வைதான். குளிர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோணிச் சாக்கின் மேல் மழைக்காகப் பிளாஸ்டிக் தாள் சுற்றியதுதான் தப்பு. உள்ளே தொங்கவிட்ட உச்ச-நீச வெப்பமானி, வெளியே 9 டிகிரி இருந்த வெயில் நாளில் 24 காட்டியது. நாலு நாள் அப்படிப் போனால் செடி வசந்தம் வந்துவிட்டது என்று சாறு ஏற்ற ஆரம்பித்துவிடும். ஐந்தாம் இரவு மைனஸ் 6. உறங்கும் கட்டைக்கு மைனஸ் 6 ஒரு பொருட்டே இல்லை. சாறு ஏறிய பட்டைக்கு அதுவே எமன். உறைந்த சாறு விரிந்து, பட்டையைக் கட்டையிலிருந்து பிரித்துவிடுகிறது.

ஆக, போர்த்துவது சூடேற்ற அல்ல, தூங்க வைக்க. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கோழிவலையைச் செடியைச் சுற்றி, தண்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். உள்ளே காய்ந்த சருகு. தடித்த இலையாக இருந்தால் நல்லது. மெல்லிய இலைகள் நனைந்ததும் கூழாகப் படிந்து, காற்று புகாமல் தண்டை அழுக வைக்கும். வெளியே கோணி ஒரு சுற்று, இறுக்கமில்லாமல். தலைக்கு மேல் மழை வடிய ஒரு சாய்ந்த பலகை. பிளாஸ்டிக் எங்கேயும் வேண்டாம், அடியில்கூட.

எப்போது போர்த்துவது? இலை முழுக்க உதிர்ந்து, இரண்டு மூன்று லேசான உறைபனி பட்ட பிறகு. அதற்கு முன்னால் போர்த்தினால் கட்டை முற்றாது. அந்தச் சின்னக் குளிர்தான் செடியை முற்றவைக்கிறது. எலி வந்து குடியேறாதா என்றால், ஏறும். சருகுக்குள் கதகதப்பும் கடிக்கப் பட்டையும் கிடைக்கிறதே. தூரைச் சுற்றிச் சின்னக் கண் வலையை இரண்டு விரல் ஆழம் புதைத்து வைத்தால் பட்டை தப்பும்.

அவிழ்ப்பதுதான் வித்தை. ஒரே நாளில் உரித்தெறிந்தால் அதுவும் அதிர்ச்சியே. முதலில் மேல் பலகை. ஒரு வாரம் கழித்து, மேகமூட்டமான நாள் பார்த்து, சருகைப் பாதி உயரத்துக்கு வாரிவிட வேண்டும். வெயில் நாளில் திறந்தால் இருட்டில் கிடந்த பட்டை ஒரு மதியத்தில் சுட்டுவிடும். மிச்சச் சருகையும் கோணியையும் அடுத்த வாரம் எடுக்கலாம். தூரில் குவித்த மூடாக்கு மட்டும் கடைசி உறைபனி போகும் வரை இருக்கட்டும். கோணியைச் சுருட்டிப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது நல்லது. திடீர் உறைபனி என்றால் ராத்திரிக்கு மட்டும் போட்டு, காலையில் எடுத்துவிடலாம்.

இந்தப் பட்டை வெடிப்புக்கு இன்னொரு பங்காளி, கோடை முடிவில் போட்ட தழைச்சத்து. அந்த நேரத்து உரம் சிவந்த இளங்குருத்தாக நீள்கிறது, முற்றுவதற்குள் பனி வந்துவிடுகிறது. கோடையின் நடுவிலேயே தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் கவாத்தும் கூடாது, வெட்டு புதுத் தளிரைக் கூப்பிடும்.

நாட்செஸுக்குப் போர்வையே போடவில்லை. மூடாக்கு 8 சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி. அவ்வளவுதான். தண்டு மணிக்கட்டுக் கனம் வந்துவிட்டதும் ஒரு காரணம். இன்னொன்று பிறப்பு. கிரேப் மிர்ட்டிலில் இண்டிகா, ஃபௌரியை என்று இனங்கள் உண்டு. நாட்செஸ் இண்டிகாவும் ஜப்பானிய ஃபௌரியையும் சேர்ந்த கலப்பினம், 1978-ல் அமெரிக்கத் தேசிய மரத்தோட்டம் வெளியிட்டது. இலையில் சாம்பல் நோய் அவ்வளவாக வராததும் ஃபௌரியையின் வரம். டைனமைட் சுத்த இண்டிகா. அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் இந்தத் தொல்லையும் கூடவே வரும்.

தொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது, தொட்டியில் வேருக்குப் பக்கவாட்டில் மண் பாதுகாப்பும் இல்லை. சூடேற்றாத கொட்டகையில் 1 முதல் 7 டிகிரிக்குள் வைத்தால் போதும். இலை இல்லாததால் வெளிச்சம் தேவையில்லை. 10 டிகிரி தாண்டினால் வெளுத்த தளிர் வரும், அது வீண். தண்ணீர்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். மேல் மண் காய்ந்திருக்கும், அடியில் சேறாக நிற்கும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றினால் வேர் அழுகும். மூங்கில் குச்சியை அடி வரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்க்கவும். கீழ்ப் பாதி நிறம் மாறாமல் காய்ந்து வந்தால்தான் தண்ணீர். 30 சென்டிமீட்டர் தொட்டிக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் சரியாக இருந்தது.

இலை இல்லாத காலத்தில் இன்னொரு லாபம், செதில் பூச்சி கண்ணுக்குத் தெரியும். கிளைக் கவட்டில் வெள்ளை, சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும், நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு. தண்டு கரி பூசினது போல் கறுத்திருந்தால், அது இந்தப் பூச்சி வடிக்கும் தேன்கசிவில் வளரும் பூஞ்சை. பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும், கறுப்பும் வெளுக்கும். மிச்சத்துக்குத் தோட்ட எண்ணெய், உறைபனி இல்லாத நாளில், கவட்டுக்குள் நனையும்படி.

கவாத்து பற்றி ஒரே ஒரு புலம்பல். இந்தச் செடி அந்த வருடத்துப் புதுக் குச்சியில் பூக்கும் என்பதையே சாக்காக வைத்து, ஆளுயரத்தில் மொட்டையடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருடா வருடம் அதே இடத்தில் வெட்டினால் முஷ்டி போல முண்டு கட்டும், அதிலிருந்து விளக்குமாறு மாதிரி குச்சிகள் வரும், பூங்கொத்தின் கனம் தாங்காமல் மழையில் தொங்கும். உரசும் கிளை, உள்நோக்கிப் போகும் கிளை, பென்சிலை விட மெலிந்த சுள்ளி, தூர்க்கன்று. இவ்வளவு எடுத்தால் தீர்ந்தது. குளிரின் கடைசியில், மொட்டு பருக்கத் தொடங்கும் முன். காய்ந்த விதைக்காய்களை வெட்டியே ஆக வேண்டும் என்பதில்லை, கண்ணை உறுத்தினால் வெட்டலாம். இரண்டு அலகும் உரசிப் போகும் கத்தரி வேண்டும். தட்டில் வைத்து அமுக்கும் வகை, பட்டையை நசுக்கிவிடும்.

டைனமைட்டின் கதை இன்னும் முடியவில்லை. பிளவு தண்டைச் சுற்றி முக்கால் வட்டம் போய்விட்டது, அதனால் வெடிப்புக்குக் கீழே தரையோடு அறுத்தாயிற்று. வேர் உயிரோடு இருந்தால் தூர்க்கன்று வரும். கிரேப் மிர்ட்டில் விழிப்பதே தாமதம், மற்ற செடிகள் இலைவிட்ட பிறகும் சில வாரம் சும்மா நிற்கும் என்பதால் மண்வெட்டியை இப்போதே தூக்கப் போவதில்லை. வரும் கன்றுகளில் தடித்த மூன்றை மட்டும் விடுவதாகத் திட்டம். அடுத்த குளிருக்கு முன், முழங்கால் உயரம் வரை வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டில் சம அளவு தண்ணீர் கலந்து பூச வேண்டும், வெயில் சூடு தெறித்துப் போக.

நர்சரிகளில் 'சிவப்பு', 'பிங்க்' என்று மட்டும் சீட்டு கட்டித் தருவதால் ரகம் தெரியாமல் போகிறது. ரகம் தெரியாவிட்டால் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு குளிர் தாங்கும் என்று எதுவும் சொல்ல முடியாது. அதனால் இப்போதைக்கு வீட்டுச் செடியிலிருந்தே போத்து, அதாவது வெட்டி நட்டு வேர்விட வைக்கும் குச்சி. அறுத்த டைனமைட்டின் மேல்கிளைகளில் பச்சை இருந்தவற்றைப் பென்சில் கனத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, அடியைக் கணுவுக்குக் கீழே நேராக, மேலைச் சாய்வாக. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க அதுவே அடையாளம். பன்னிரண்டு குச்சிகள், ஈர மணலும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) சரிபாதி, மேல் இரண்டு கணு மட்டும் வெளியே. கொட்டகையில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அடி வெட்டில், வேர்விடும் முன் வரும் வெள்ளைத் திரள் கட்டியிருக்கிறதா என்று பார்க்க இரண்டை உருவியதில், ஒன்றில் கட்டியிருக்கிறது.