ரூட்டில் நின்ற ரோட்டார் அசெம்பிளி

பேரண்ட், அதாவது தனக்கு மேலே ஒரு பதிவு, இல்லாத பதிவை, மரம்போல் கிளைவிட்டுக் காட்டும் ட்ரீ லிஸ்ட்டில் எங்கே காட்டுவது? டேட்டாபேஸ் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிய கேள்வி இல்லை. ஆனால் அதற்கு நான் எடுத்த ஒரு முடிவையும், அதை ஒட்டி ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்ட ஒரு கேள்வியையும் என்னால் இன்னும் ஓரமாக வைக்க முடியவில்லை.

கோவையில் ஒரு பம்பு கம்பெனி. எதற்குள் எந்தப் பாகம் போகிறது என்று சொல்லும் பிஓஎம் (பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்) டேபிள் எல்லா இடத்திலும் இருப்பதுபோலத்தான்: ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஐடி, பேரண்ட் ஐடி, பாகத்தின் கோடு, எத்தனை வேண்டும் என்ற எண். உச்சியில் சப்மெர்சிபிள் செட், அதற்குக் கீழே பம்பும் மோட்டாரும், மோட்டாருக்குள் ஸ்டேட்டர், ரோட்டார் அசெம்பிளி, த்ரஸ்ட் பேரிங். பதிவை அடையாளம் காட்டும் கீ ஃபீல்டு எது, பேரண்ட் ஃபீல்டு எது என்று திரையில் மரத்தை வரையும் கன்ட்ரோலிடம் சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு மாடலை நிறுத்தும்போது டிசைன் ஆட்கள் செட்டு, பம்பு, மோட்டார் என்ற மேல் பதிவுகளை மட்டும் 'நிறுத்தப்பட்டது' என்று மாற்றுவார்கள். உள்ளே இருக்கிற பாகங்களைத் தொட மாட்டார்கள். தொடவும் கூடாது. ஏற்கெனவே விற்ற பம்பு ஏதோ ஒரு போர்வெல்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஸ்பேர் கொடுத்தாக வேண்டும். டேட்டாபேஸிலிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்கும் நம் குவரியோ நடப்பில் உள்ளதை மட்டும் எடுக்கும். அதனால் பிள்ளைகள் வரும், பெற்றோர் வராது. பதிவுகள் அநாதையானது டேட்டாபேஸில் இல்லை, குவரியில்தான்.

இந்தப் பதிவுகளை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக நடத்தும். பழைய புரோகிராம் விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) எழுதியது. அதன் ட்ரீவியூவில் நோட்களை, அதாவது மரத்தின் கிளைகளை, நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வெறும் எண்ணைக் கீயாக ஏற்காது, ஐடிக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டியே கொடுப்போம். பேரண்ட் அங்கே இல்லாவிட்டால் 35601, 'எலிமென்ட் நாட் ஃபவுண்ட்' என்று கத்தும். எழுதியவர் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' போட்டு அந்தக் கத்தலை அடக்கியிருந்தார். ஆக, நிறுத்திய மாடல்களின் பாகங்கள் திரைக்கே வந்ததில்லை. அண்ணன் அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் புரோகிராமை மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டுக்கு மாற்றியபோது நாங்கள் எடுத்த ட்ரீ லிஸ்ட் கன்ட்ரோல், பேரண்ட் ஐடிக்குப் பொருந்தும் கீ கிடைக்காத பதிவை ரூட் (உச்சி நோட்) ஆக்கிவிடும். 5 ஹெச்பி செட்டுக்கும் 7.5 ஹெச்பி செட்டுக்கும் நடுவில் ஒரு ரோட்டார் அசெம்பிளி தனியாக நின்றது. இதை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை விட்டுவிட்டார்.

டிசைன் ஹெட்டுக்குப் பிடிக்கவில்லை. "ரூட்ல முழு செட்டு மட்டும்தான் இருக்கணும். ஆர்டர் என்ட்ரில இருக்கற பையன் இதையும் ஒரு செட்டுன்னு எடுத்துட்டா என்ன பண்றது?" என்றார். நியாயம்தான். அப்படி ஒரு முறை நடக்கவும் இருந்தது. நான் வேறொரு வழி சொன்னேன்: நிறுத்திய மாடலையும் குவரியில் எடுத்து, சாம்பல் நிறத்தில் காட்டலாம், பாகங்கள் அதன் கீழேயே இருக்கட்டும், தேர்ந்தெடுக்க முடியாதபடி பூட்டிவிடலாம். "செத்த மாடலோட பேரே ஸ்கிரீன்ல வரக்கூடாது" என்று முடித்துவிட்டார். அந்த வழிதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அவருடைய கவலையும் வேலையைப் பற்றிய அக்கறைதானே.

கடைசியில் செய்தது இது. ட்ரீயின் அடியில் 'இணைப்பில்லாதவை' என்று ஒரு நோட், பேரண்ட் கிடைக்காத எல்லாம் அதன் கீழே. மற்ற நோட்களைப் போல அதுவும் திரையைத் திறக்கும்போது மூடியே இருக்கும். ஒரு பதிவும் தொலையவில்லை, யாரும் தவறி ஆர்டரில் எடுக்கவும் முடியாது. எல்லோருக்கும் நல்லதாக ஒன்று செய்துவிட்டோம் என்ற நிறைவோடு ரிலீஸ் கொடுத்தேன்.

கோடை ஆரம்பம், பம்பு சீசன். ஸ்டோர்ஸ் பக்கம் போனபோது அண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, அந்த ரோட்டாரெல்லாம் எங்க போச்சுங்?"

"எங்கயும் போகலீங்ணா. கடைசில 'இணைப்பில்லாதவை'ன்னு இருக்குதுங்ளா, அதுல பிளஸ்ஸை அமுக்குனா எல்லாம் வரும்."

"அமுக்கோணும்னு எனக்கு எப்படித் தெரியுமுங்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ரிலீஸ் நோட்டில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அந்த மெயில் ஸ்டோர்ஸுக்கு வருவதில்லை. "முன்னால திங்கக்கெழம இன்டென்ட் போடறப்ப மேல இருந்து கீழ வரைக்கும் ஒருக்கா ஓட்டிப் பாப்பனுங். இதைக் கண்டா, அட இது எத்தன இருக்குதுன்னு பாக்கத் தோணும்" என்றார். இன்டென்ட் என்றால் தேவையான பாகங்களைக் கேட்டு எழுதிக் கொடுப்பது. அந்த வாரம் நிறுத்திய மாடல் ஒன்றுக்கு டீலர் ரோட்டார் கேட்டிருந்தார். கையிருப்பு ஒன்றுகூட இல்லை. செய்து அனுப்பும்வரை அந்தப் பம்பு வெளியேதான் கிடந்திருக்கும். எந்தத் தோட்டம், எந்தப் பயிர் என்று எனக்குத் தெரியாது.

இதற்கு ட்ரீயா காரணம்? பலமுறை எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன். கையிருப்பு குறைந்தால் சொல்வதற்கு என்றே தனி ரிப்போர்ட் இருக்கிறது, ட்ரீ பார்த்து இன்டென்ட் போடுவது முறையே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தெம்பு வரும். ஆனால் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். எஸ்கியூஎல் சர்வர் 2005-ல் வந்த ரிகர்சிவ் சிடிஇயை, அதாவது மரத்தில் படிப்படியாகத் தானே இறங்கிப் போகும் குவரியை, வைத்து எழுதியது. நடப்பில் உள்ள செட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். மேலிருந்து வழி இல்லாத பதிவுக்கு அது போய்ச்சேரவே சேராது, எரரும் வராது. அதாவது நிறுத்திய மாடலின் பாகங்களைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே இடம், கன்ட்ரோல் தானாக ரூட் ஆக்கிய அந்தத் திரைதான். அதையும் மூடி வைத்தாயிற்று.

இன்னொரு பக்கம், அண்ணன் ஒருவர் பார்க்கிற பழக்கத்தை நம்பி ஒரு திரையை அப்படியே விட முடியுமா? ஆர்டர் என்ட்ரி பையன் தவறி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்லியிருப்பேன்.

இந்தப் பிரச்சினையின் வயதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். மர வடிவ டேட்டாபேஸ் என்பதே பாகப் பட்டியலுக்காக வந்ததுதான். 1966-ல் ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் ஆட்கள் சேர்ந்து, அப்பல்லோ திட்டத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பாகங்களைக் கையாள ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் பேரண்டை அழித்தால் அதன் கீழ் உள்ளவையும் சேர்ந்து அழியும், அநாதைக்கு இடமே இல்லை. 1970-ல் ஐபிஎம்மிலேயே இருந்த எட்கர் காட், தகவலை மரமாக இல்லாமல் டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பாகங்களும் புராஜெக்ட்டுகளும்தான். ஒரே தகவலை, எதன் கீழ் எதை வைப்பது என்று ஐந்து விதமாக அடுக்கிக் காட்டியிருப்பார். ஓர் அடுக்குக்காக எழுதிய புரோகிராம் அடுத்த அடுக்கில் ஓடாது என்பது அவர் வாதம்.

அந்த இடத்தைத் திரும்பப் படித்தபோதுதான் அண்ணன் கேட்டது எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவருக்கு வேண்டியது தலைகீழ் மரம்: மேலே ரோட்டார், அதற்குக் கீழே அது எந்தெந்த மாடலில் போகிறது. செட்டு நிறுத்தப்பட்டதா இல்லையா என்பது அவருடைய வேலையில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வருகிற விஷயம். டிசைன் ஹெட்டின் மரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதில் தேடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'எங்கே பயன்படுகிறது' என்று தனித் திரை ஒன்று போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பட்ஜெட் வரவில்லை.

செய்ய முடிந்தது ஒன்றுதான். எந்த நோட் திறந்திருக்கிறது என்பதை யூசர் வாரியாகச் சேமித்து, அடுத்த முறை அப்படியே திறக்கும்படி மாற்றினேன். அண்ணனுடைய மெஷினில் 'இணைப்பில்லாதவை' எப்போதும் திறந்தே இருந்தது. டிசைன் ஹெட்டின் மெஷினில் மூடியே இருந்தது. இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த ரிப்போர்ட் இன்னும் மாறவில்லை என்பதால் அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தினால் நிறுத்திய மாடல்களின் பாகங்கள் எல்லாம் கொள்முதல் பட்டியலில் வந்து நிற்கும். எதை எத்தனை வருடம் கையில் வைத்திருப்பது என்பது கம்பெனி எடுக்க வேண்டிய முடிவு.

போன மாதம் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவருக்கு லாகின் கொடுக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. சேமித்த நிலை எதுவும் இல்லாததால் அவர் திறக்கும்போது எல்லா நோட்டும் மூடியே இருக்கும். ஸ்டோர்ஸ் லாகின்களுக்கு மட்டும் அந்த நோட் திறந்தே தொடங்கட்டும் என்று காரணத்தோடு பதில் எழுதி, டிசைன் ஹெட்டையும் சேர்த்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. புதியவரிடம் முதலில் ஒருமுறை பேசிவிடலாம் என்று இருக்கிறேன், அவர் இன்டென்ட் எப்படிப் போடுகிறார் என்று பார்க்க.