இறுக்கினால் நிற்காத கசிவு

பழைய செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் என்ஜினைத் திறப்பதில்லை. விமானியின் தலைக்கு மேலே, இறக்கை உடம்போடு சேரும் மூலையில் இருக்கும் துணி உறையைக் கழற்றுவேன். இந்த விமானத்துக்கு இறக்கை மேலே. இரண்டு அலுமினிய டேங்குகளும் இறக்கைகளுக்குள், அவை உடம்போடு சேரும் பக்கத்தில், கேபினை ஒட்டியே உட்கார்ந்திருக்கின்றன. எரிபொருள் அளவைக் காட்டும் மிதவையைத் தாங்கும் சென்டிங் யூனிட் டேங்கின் உள்பக்கச் சுவரில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு மெல்லிய காஸ்கெட். அது கசிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, ஆள் உட்காரும் இடத்துக்குள் இறங்கும். அதனால்தான் இந்தச் சின்ன வேலையை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் நான் வேலை பார்க்கும் ஹாங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வரும் தனியார் விமானங்களில் நிறைய என்னைவிட வயதில் மூத்தவை. 1986-லிருந்து பத்து வருடம் செஸ்னா 172 தயாரிப்பே நின்றிருந்தது. புதியது வாங்கவும் இன்று பெரும் பணம் வேண்டும். ஆகவே இருப்பதை வைத்து ஓட்டுகிறார்கள். போன வசந்தத்தில் வந்தது 1966 மாடல், ஆறு சிலிண்டர் கான்டினென்டல் ஓ-300 என்ஜின், 145 குதிரைத்திறன். உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர், விமானத்தை நன்றாகத் துடைத்து வைத்திருப்பவர். ஆனால் பறப்பது குறைந்துவிட்டது.

உறையைக் கழற்றியதும் சென்டிங் யூனிட்டின் கீழே நீலக் கறை. இன்றைய விமானப் பெட்ரோலான 100எல்எல்-க்கு நீலச் சாயம் போடுகிறார்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் அங்கேயே தங்கிவிடும். கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கறை வழி காட்டும். அந்த நீலத்துக்கு அடியில் மங்கலாக ஒரு சிவப்பும் இருந்தது. இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்து 80/87 பெட்ரோலின் சாயம் சிவப்பு. அப்படியென்றால் இதே இடம் முன்பும் ஒருமுறை கசிந்திருக்க வேண்டும். யாரோ அதை நிறுத்தியும் இருக்கிறார்கள். எப்படி நிறுத்தினார்கள் என்பதைத் திருகுகளின் தலையே சொல்லியது. பிலிப்ஸ் பள்ளங்கள் தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தன.

எங்கள் ஹாங்கரில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் பயிற்சியில் இருக்கிறான். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் கால் சுத்து இறுக்கினா நின்னுடுமே?" என்றான்.

"இறுக்கி இறுக்கித்தான்டா இந்த நிலைமைக்கு வந்திருக்கு."

கசிவைப் பார்த்தவுடன் ஸ்க்ரூடிரைவரைத் தேடும் கை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் காஸ்கெட் காய்ந்து சுருங்கிய பிறகு இறுக்குவதால் அது பிழைக்காது. அழுத்தம் முழுக்கத் திருகுகளைச் சுற்றியே விழும். தகடு அங்கே உள்ளே இழுபடும், இரண்டு திருகுகளுக்கு நடுவே மேலே எழும். அந்த எழும்பிய இடத்தில்தான் அடுத்த கசிவு. மறுபடி இறுக்கினால் மறுபடி எழும்பும். காஸ்கெட் நசுங்குவதற்காகவே வைத்த பொருள், விலையும் சொற்பம். அதை மாற்றாமல் மிச்சம் பிடிக்கப் போனால் அதற்குப் பதிலாக டேங்கின் வாய் நசுங்கும். அறுபது வருடத்து டேங்குக்கு மாற்று தேடுவது எவ்வளவு பாடு என்று தேடியவர்களுக்குத் தெரியும்.

பழைய காஸ்கெட் தக்கையால் ஆனது. தக்கையோ ரப்பரோ, பெட்ரோல் பட்டுக்கொண்டே இருக்கும்வரை உப்பி நிற்கும். டேங்கைப் பாதி காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தினால் மேல்பாதி காய்ந்துவிடும். வீட்டில் நாள்பட எடுக்காமல் வைத்த பிரஷர் குக்கரின் காஸ்கெட் விறைத்துப்போவது போலத்தான். மறுபடி நிரப்பும்போது சுருங்கிய இடத்தின் வழியாகப் பெட்ரோல் வரும். இங்கே குளிர்காலம் வேறு அதற்குத் துணை. கோடையில் கசியாத இடம் ஜனவரியில் கசியும். அதிகம் பறக்கும் பயிற்சிப் பள்ளி விமானங்களைவிட, பொத்திப் பொத்தி வைக்கும் விமானங்களில் இந்தத் தொல்லையை நான் அதிகம் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

வேலையில் பெரும்பகுதி நேரம் போவது திருகைக் கழற்றுவதில். அதற்கு முன்னால், விமானத்தை வெளியே தள்ளி, எர்த் கம்பி மாட்டி, டேங்கை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே காற்றும் ஆவியும் கலந்து நிற்பதால். இதை எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருபவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். சூடு காட்டக் கூடாது, சுத்தியலால் அடித்துத் திருப்பும் கருவியும் கூடாது. சுவர் மெல்லிய அலுமினியம். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு காத்திருந்தேன். மறுநாள் ஸ்க்ரூடிரைவர் நுனியில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவினேன். அந்தப் பேஸ்ட்டில் இருக்கும் சொரசொரப்பான பொடி தேய்ந்த பள்ளத்தைக் கடித்துப் பிடிக்கும். உடம்பு எடையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டு, பிடியில் ஸ்பேனரை மாட்டி மெல்லத் திருப்ப வேண்டும். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. இதில் கடைசித் திருகு மட்டும் பிடிவாதம் பிடித்தது, அதற்கு மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு இரவு.

யூனிட் வெளியே வந்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தக்கையின் இரு பக்கமும் கடையில் விற்கும் சாதாரண சிலிக்கான் பசை. அது பெட்ரோலுக்குத் தாங்காது. ஊறி, ஜவ்வாகி, பிய்ந்துபோகும். பிய்ந்தது எங்கே போகும்? டேங்கிலிருந்து எரிபொருள் வெளியேறும் வாயில் விரல் மாதிரி ஒரு வலை இருக்கிறது, அங்கே. டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் வலையின் ஓரத்தில் அந்தப் பசையின் சிவப்பு இழை ஒன்று ஒட்டியிருந்தது. யார் செய்தது என்று லாக் புக்கில் பதிவு இல்லை. வாடையை நிறுத்தப் போட்ட பசை, விமானம் மேலே ஏறும் நேரத்தில் என்ஜினுக்குப் போகும் பெட்ரோலை அடைக்கக்கூடும் என்று அவர் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்.

ஓட்டையில் துணி திணித்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால்தான் பழையதை எடுத்தோம். இரும்பால் சுரண்டினால் விழும் குறுக்குக் கீறலே பெட்ரோலுக்கு வாய்க்கால் ஆகிவிடும். பிறகு ஸ்டீல் ரூலைக் குறுக்கே வைத்துப் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டச் சொன்னேன். ரூலுக்கும் தகட்டுக்கும் நடுவே, திருகு ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் ஒளி தெரிந்தது. பையன் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றிய தகட்டைத் தட்டையான இரும்புப் பாளத்தில் வைத்து, நைலான் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினோம். நல்லவேளை, டேங்கின் பக்கத்து விளிம்பு தப்பித்திருந்தது.

புதிய காஸ்கெட், புதிய திருகு, திருகுத் தலைக்கு அடியில் போடும் சீல் வாஷர், எல்லாம் உதிரி பாகப் பட்டியலில் உள்ள நம்பர்படி. இந்த வாஷரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகின் நுனி டேங்குக்குள் எட்டுகிறது. மரையைச் சுற்றிப் பெட்ரோல் ஏறி வரும், அதைத் தடுப்பது காஸ்கெட் அல்ல, இந்த வாஷர்தான். பழைய திருகுகளில் ஒன்று நீளம் கூடியது, இன்னொன்று எவர்சில்வர். கைக்கு எட்டியதைப் போட்டிருக்கிறார்கள். அலுமினியத்தில் எவர்சில்வரைப் போட்டு ஈரமும் சேர்ந்தால் அரிப்பது அலுமினியம்தான். இன்னொரு விஷயம்: காஸ்கெட் மின்சாரத்தைக் கடத்தாது. யூனிட்டுக்கு எர்த் சரியாகக் கிடைக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காவிட்டால், கசிவு நின்று, அளவு காட்டும் முள் ஆட ஆரம்பிக்கும்.

எதிரெதிர்த் திருகாக, சிறிது சிறிதாக இறுக்கி, சற்று நேரம் விட்டு, காஸ்கெட் படிந்த பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்தோம். அந்த அளவு கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும். அதை நம்ப வேண்டும்.

கையோடு மூடிகளின் காஸ்கெட்டையும் மாற்றினேன். இறக்கையின் மேல்பரப்பில் பறக்கும்போது காற்றழுத்தம் குறைவு. மூடி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டு வீணாகும், தரையில் நிற்கும்போது அதே வழியாக மழைநீர் உள்ளே போகும். பெட்ரோலை வடிகட்டும் கிண்ணத்தின் சீலும் புதிது, அது தளராமல் கட்டிவைக்கும் புது சேஃப்டி வயரும் போட்டாயிற்று.

எந்த ரப்பர் என்பதில் இப்போது கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. 100எல்எல்-இல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் உண்டு. அதை ஒழிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அமெரிக்காவில் 2030-க்குள் நிறுத்துவது இலக்கு. ஜி100யுஎல் என்ற ஈயமில்லாப் பெட்ரோலுக்கு 2022-லேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ அனுமதி தந்தது. ஆனால் பெட்ரோலின் சேர்மானம் மாறினால், பழைய சீல் ஒன்று அதிகமாக உப்பலாம், இன்னொன்று சுருங்கலாம். வயதான விமானம் வைத்திருப்பவர்கள் புதிய எரிபொருளுக்கு மாறும் முன் தங்கள் டேங்கில் இருப்பது எந்தக் காலத்துக் காஸ்கெட் என்று தெரிந்துகொள்வது நல்லது.

டேங்கை ஒரேயடியாக நிரப்பவில்லை. கொஞ்சம் ஊற்றி, யூனிட்டைச் சுற்றி வெள்ளைக் காகிதத் துண்டு வைத்து, அப்புறம் பாதி, அப்புறம் முழுக்க. ஒரு இரவு நின்றது, காகிதத்தில் நீலம் இல்லை. உறையை மாட்டுவதற்கு முன் உரிமையாளரையே ஏணியில் ஏற்றிக் காட்டினேன். வலது டேங்க் கசியவில்லையே, அதை ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டார். அதே வயது, அதே தக்கை, ஒருவேளை அதே பசையும் இருக்கலாம் என்றேன். கழற்றிய இடது காஸ்கெட்டை விரலால் வளைத்துப் பார்த்தார். பிஸ்கட் உடைகிற மாதிரி இரண்டாக உடைந்தது. சரி, அதையும் திறந்துவிடுங்கள் என்றார். பையன் ஏற்கெனவே எண்ணெய்க் குப்பியோடு அந்தப் பக்கம் போயிருந்தான்.