காற்றை நம்பி ஏவிய குண்டுகள்

1849 ஜூலை 12 அன்று, வெனிஸ் நகரத்தை முற்றுகையிட்டிருந்த ஆஸ்திரியக் கடற்படையின் 'வல்கானோ' என்ற நீராவிக் கப்பலிலிருந்து, குண்டுகளைச் சுமந்த வெப்பக்காற்று பலூன்கள் ஏவப்பட்டன. கடலிலிருந்து வான்வழியாக நடந்த முதல் தாக்குதல் முயற்சி என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். இதைப் பற்றி எழுதுவோர் பலூன்களை விரித்துரைத்துவிட்டுக் கப்பலை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கப்பல்தான் முக்கியமாகப் படுகிறது.

1848 மார்ச்சில் வெனிஸ் ஆஸ்திரிய ஆட்சியை உதறித் தள்ளி, டானியேலே மானின் தலைமையில் குடியரசாகியிருந்தது. நகரத்தைச் சுற்றிலும் காயல். 1846இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் வளைவுகள் சிலவற்றையும் வெனிஸ்காரர்களே தகர்த்துவிட்டனர். கரையோரத்து மார்கேரா கோட்டை மே மாத இறுதியில் வீழ்ந்த பிறகும் பீரங்கிகளால் நகரத்தின் குடியிருப்புகளை எட்ட முடியவில்லை. அந்நிலையில்தான் பீரங்கிப் படை அதிகாரியான ஃபிரான்ஸ் உகாட்டியஸின் பலூன் திட்டம் செயலுக்கு வந்தது.

காகிதப் பலூனின் அடியில் எரியும் நெருப்பு உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கும். அதற்குக் கீழே ஏறத்தாழ 11 முதல் 14 கிலோ எடையுள்ள குண்டு தொங்கும். மெல்ல எரியும் திரி சுமார் அரை மணி நேரத்தில் தீர்ந்ததும் குண்டு கழன்று விழும். காற்றின் வேகத்தையும் நகரத்தின் தொலைவையும் முன்கூட்டியே கணித்துத் திரியை அளந்து வைக்க வேண்டும். கையை விட்டபின் எதையும் திருத்த வழியில்லை.

கரையிலிருந்து ஏவுபவர் காற்று நகரத்துப் பக்கம் திரும்பும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். நீராவிக் கப்பலோ எதிர்க்காற்றிலும் முன்னேறி, காற்று நகரத்தை நோக்கி வீசும் இடமாகப் பார்த்து நிற்கக்கூடியது. காற்றின் பிடியிலிருந்து விடுபட்ட கப்பல், காற்றை மட்டுமே நம்பும் ஆயுதத்தைச் சுமந்து சென்றது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்க்கிறது.

ஆனால் உயரத்தில் காற்றின் போக்கு வேறாக இருந்தது. பல பலூன்கள் நகரத்தைத் தாண்டிப் போயின; சில ஆஸ்திரியரின் பக்கமே திரும்பின. நகரத்துக்குள் விழுந்த குண்டுகளால் பெரிய சேதமில்லை. ஜூலை இறுதியில் பீரங்கிகளை வண்டிகளிலிருந்து கழற்றிச் சாய்த்து நிறுத்திச் சுட்டபோதுதான் நகரத்தின் பெரும்பகுதி குண்டு வீச்சுக்குள் வந்தது. பசியும் காலராவும் ஏற்கெனவே மக்களை வாட்டிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 22இல் வெனிஸ் சரணடைந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1861 ஆகஸ்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜான் லாமவுன்டன் 'ஃபேன்னி' என்ற நீராவிக் கப்பலிலிருந்து பலூனில் ஏறி எதிரிகளின் நிலைகளை நோட்டமிட்டார். அந்தப் பலூன் கயிற்றால் கப்பலோடு பிணைக்கப்பட்டிருந்தது.