கொடைக்கு லீவு கேட்கிற பையன்

திருநெல்வேலியில் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை ஆனாலும் சரி, வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஆனாலும் சரி, இருபது வயதுப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டால் முதலாளி சொல்லும் காரணம் சம்பளம். சம்பளத்துக்காகப் போகிறவன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போவான். சொல்லாமல் நின்றவன் கடைசியாக எதற்கு லீவு கேட்டான் என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் அது அநேகமாகக் கோயில் கொடையாக, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவாக இருக்கும். சம்பாதிக்கத் தொடங்கி, முதல்முறை தன் காசில் கோயில் வரி கொடுத்த கொடைக்கு அவன் போகாமல் இருக்கமாட்டான். லீவு இல்லை என்றால் சொல்லாமல் போவான். நாலாம் நாள் வந்து எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்குவதைவிடத் திருப்பூருக்கு பஸ் ஏறுவது அவனுக்கு லேசு.

அதனால் சேர்க்கும்போதே எந்த மாதம் கொடை என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கொடைக்குக் கால்நாட்டிய (பந்தல்கால் நட்ட) பிறகு கேட்டால் ஒரு வாரம்தான் கையில் இருக்கும். மூன்று நாள் லீவு போதும். ஒரு செக்‌ஷனில் நாலில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் விடாதீர்கள். சர்ச் விருந்தான அசனத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் லீவு எடுப்பவர்களோடு மாற்றிக்கொள்ளலாம். கேட்பது தேதி மட்டும். எந்தக் கோயில், எந்தத் தெரு என்று போகாதீர்கள். அந்தக் கேள்வி இங்கே எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

சூப்பர்வைசருக்கு அதிகாரம் இல்லாவிட்டால் இது நடக்காது. ஒரு நாள் லீவையும் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸையும் அவரே கொடுக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் "மேல கேட்டுச் சொல்லுதேன்" என்றே வாரம் ஓடிவிடும். மாதக் கடைசியில் உற்பத்திக் கணக்கோடு, புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்றும் அவரிடம் கேளுங்கள். இன்னொன்று: 'ஏல' என்று மாமா கூப்பிட்டால் பாசம், கஸ்டமர் முன்னால் சூப்பர்வைசர் கூப்பிட்டால் அவமானம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முதல் சம்பளத்தில் அவன் கண்ணில் படுவது பிடித்தம்தான். பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ 0.75. முதலாளி பங்காக இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம் போவது யாரும் சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரை அவன் போனிலேயே ஆக்டிவேட் செய்து, பாஸ்புக்கைத் திறந்து காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

கடைக்காரர்களுக்கு: ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டம் திருத்தியாயிற்று. ஸ்டூல் பல கடைகளில் இருக்கிறது. உட்கார்ந்தால் முறைக்கிற ஆளும் இருக்கிறார். கூட்டம் இல்லாதபோது உட்காரலாம் என்று முதலாளியே ஒருநாள் காலையில் எல்லாரையும் நிறுத்தி, அந்த ஆளையும் வைத்துக்கொண்டு, சொல்லட்டும்.