இரண்டு மணி ஐம்பது நிமிடம் தாராளமாகப் போதும் என்றார்கள்

விமானத்தைப் பிடித்துவிட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அன்று எனக்கு இருந்த படபடப்பு படிப்பவர்களுக்கும் வந்துவிடும். 9:20 விமானத்துக்கு 9 மணிக்குக் கேட்டை மூடுவார்கள். நாங்கள் போய் நின்றபோது 8:57. மிச்சமிருந்த அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னால் என்னுடைய இரண்டு தவறுகள், ஒரு கவுன்டர்காரரின் சாவகாசம், அம்மாவின் இருமல் மருந்து எல்லாம் இருக்கின்றன.

அம்மாவுக்கு 72 வயது. வீட்டுக்குள் நடப்பார், கொஞ்ச தூரம் கூடினால் முழங்கால் பேச்சைக் கேட்காது. ஒரே டிக்கெட், இரண்டு விமானங்கள், நடுவில் ஒரு பெரிய விமான நிலையம். இணைப்புக்கு 2 மணி 50 நிமிடம். அந்த விமான நிலையத்துக்கான குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குக் குறைவாக டிக்கெட் போடவே அவர்களின் கணினி விடாது, கவலைப்படாதீர்கள் என்றார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் வீல்சேருக்குக் காத்திருக்கும் நேரம் சேராது.

முதல் தவறு டிக்கெட் போடும்போதே நடந்தது. வீல்சேர் வேண்டும் என்றால் போதும் என்று நினைத்திருந்தேன். அதில் மூன்று வகை இருக்கிறது. படி ஏறி இறங்குவார், நெடுந்தூரம் மட்டும் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்ற குறியீடு. படியும் ஆகாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கைவரை தானே போய்விடுவார் என்றால் கடைசி எழுத்து எஸ். இருக்கைவரையே கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்றால் சி. “அம்மா நடப்பாங்களா?” என்று கேட்டார்கள், “நடப்பாங்க” என்றேன். ஆர் போட்டுவிட்டார்கள். படியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் விமானம் 30 நிமிடம் தாமதம். ஏழு மணிக்கு இறங்கியது. இறங்கி, ஊர்ந்து ஊர்ந்து போய், கட்டடத்தை விட்டு எங்கோ தள்ளி நின்றது. விமானக் கதவையும் கட்டடத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ் இல்லை. படியில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும். வீல்சேர் பயணிகள் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். எல்லோரும் போனபிறகு கதவருகே போய்ப் பார்த்தால் கீழே செங்குத்தாகப் படிகள். அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “நான் இங்கேயே இருந்துடறேன்” என்றார். எஸ் என்று போட்டிருந்தால் ஆம்புலிஃப்ட் என்ற தூக்கும் வண்டி விமானத்தின் கதவுக்கே வந்து நின்றிருக்கும். ஆர் என்பதால் அதை அனுப்பவில்லை. பணிப்பெண் வயர்லெஸில் சொல்லி, அது எங்கிருந்தோ கிளம்பி வந்து சேர 25 நிமிடம். வயதானவர்களுக்குப் போடுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எஸ் போடுங்கள். உங்கள் விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்குமா, தள்ளி நிற்குமா என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

உள்ளே கொண்டுபோய், வீல்சேர் பயணிகளை வரிசையாக உட்காரவைத்திருக்கும் ஒரு கூடத்தில் விட்டார்கள். அழைத்து வந்தவர் போய்விட்டார். மணி 7:55. கவுன்டரில் ஒருவர். எங்கள் பி.என்.ஆரைத் தட்டிப் பார்த்தார். “இந்த எண்ணில் யாரும் இல்லை” என்றார். திரும்பத் தட்டினார். பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ பேசிச் சிரித்தார். மறுபடி, “இல்லை”.

இங்கேதான் என்னுடைய இரண்டாவது தவறு வெளியே வந்தது. எங்கள் இரண்டு விமானங்களுக்கும் ஒரே நிறுவனத்தின் எண்தான் டிக்கெட்டில் இருந்தது. ஆனால் இரண்டாவதற்குக் கீழே பொடி எழுத்தில், இந்த விமானத்தை இயக்குவது வேறொரு நிறுவனம் என்று போட்டிருந்தார்கள். கோட்ஷேர். படித்தேன். யார் ஓட்டினால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது என்பது கவுன்டர் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. ஒன்று, இயக்கும் நிறுவனத்தின் கணினியில் நமக்கு வேறொரு ஆறெழுத்து பி.என்.ஆர். இருக்கும், நம் கையில் இருப்பது அவர்களிடம் செல்லாது. இரண்டு, வீல்சேர் வேண்டுகோள் முதல் நிறுவனத்தில் பதிவானதாலேயே இரண்டாவது நிறுவனம் அதை உறுதி செய்துவிட்டது என்று ஆகாது. எங்களுடையது உறுதியாகவில்லை. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது: விமானம் புறப்படுவது இயக்கும் நிறுவனத்தின் டெர்மினலில் இருந்து. நாங்கள் இருந்தது அது இல்லை.

டிக்கெட்டில் இரண்டாவது விமானத்துக்கு டெர்மினல் என்ற இடம் காலியாகத்தான் இருந்தது. காலியாக இருந்தால் அதே டெர்மினல்தான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். எண்களை நம்பிப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைப்பதும் இதே வகைதான். லண்டன் ஹீத்ரோவில் 2, 3, 4, 5 என்று டெர்மினல்கள் உண்டு, 1 கிடையாது; 2015-இல் மூடிவிட்டார்கள். 2, 3 இரண்டும் அருகருகே, 4 எங்கோ தெற்கே. பாரிஸ் சார்ல் து கோலில் டெர்மினல் 2 என்பதே ஏ முதல் ஜி வரை தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும். அதில் ஜி-க்குப் போக பஸ் ஏற வேண்டும். துபாயில் 1, 3 ஒருபக்கம் இருக்க, 2 ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம். இதெல்லாம் வந்தபிறகு உட்கார்ந்து படித்தது. முன்னாலேயே படித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

சரி, கவுன்டருக்கு வருகிறேன். “இரண்டாவது விமானத்துக்கு வீல்சேர் இல்லை, அந்த டெர்மினல் எங்கள் பொறுப்பும் இல்லை” என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த நினைத்தேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். செல்போனில் இயக்கும் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, பதிமூன்று இலக்க டிக்கெட் எண்ணைப் போட்டுத் தேடினேன். கிடைத்தது! பி.என்.ஆர். வேறாக இருந்தாலும் டிக்கெட் எண் ஒன்றுதான். போர்டிங் பாஸும் அதிலேயே வந்துவிட்டது. அதைக் காட்டியதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் பதினைந்து நிமிடம் போயிருந்தது.

8:15-க்கு ஓர் இளைஞர் வந்தார். டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ரயில்வரை கொண்டுவிடுவேன், அந்தப் பக்கம் வேறொருவர் நிற்பார் என்றார். அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். வேகமாகப் போவதற்காகத்தான் அப்படிச் செய்வார்கள், தப்பு இல்லை. ஆனால் கைமாறும் இடத்தில் முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்குங்கள்.

போகிற வழியில் ஒரு பெரிய பிரிவு. எங்கள் விமானத்தில் வந்த கூட்டம் முழுக்க இடதுபக்கம் போனது. நானும் பாதி திரும்பிவிட்டேன். “சார், அது வெளியே போகும் வழி” என்றார் அந்த இளைஞர். நல்லவேளை. பெட்டி கடைசி ஊர்வரை போகிறது என்றால் பெரும்பாலும் நாம் குடியேற்றப் பிரிவைத் தாண்ட வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபர் என்ற பலகையை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வெளியே போய்விட்டால் உள்ளே வர எல்லாச் சோதனையும் முதலில் இருந்து. வெளியே போகவே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் இது தலைகீழ்: அடுத்த விமானம் பிடிப்பவர்களும் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றப் பிரிவைக் கடந்தாக வேண்டும். பெட்டியையும் பெரும்பாலும் அங்கேயே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

ரயில் ஐந்து நிமிடம். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மணி 8:32. இளைஞர் ரயிலில் ஏறவில்லை, வீல்சேரும் அவரோடு போய்விட்டது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். சுவரில் உதவி என்று போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஒரு குரல், “ஆள் வருகிறார், பத்து நிமிடம்” என்றது. பத்து நிமிடம் எங்களிடம் இல்லை. அப்போதுதான் பயணிகளை ஏற்றிச்செல்லும் பேட்டரி வண்டி ஒன்று காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டுநர் ஒரு பெண். போர்டிங் பாஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றுமே கேட்கவில்லை, ஏறுங்கள் என்று கை காட்டினார். அன்றைய நாளில் கேள்வி கேட்காத ஒரே ஆள்.

மறுபடி பாதுகாப்புச் சோதனை. அம்மாவின் கைப்பையில் 200 மில்லி இருமல் மருந்து. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி தெரியும். மருந்துக்கு விலக்கு உண்டு என்பதும் தெரியும். ஆனால் அதை முன்பே எடுத்துத் தட்டில் தனியாக வைத்து, மருத்துவர் சீட்டைக் காட்ட வேண்டும். நான் மறந்துபோய்ப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். பை ஓரமாகத் தள்ளப்பட்டது. நமக்கு முன்னால் நான்கு பைகள். சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஆனால் வரிசை வரிசைதான். ஏழு நிமிடம்.

வண்டி வெளியே அந்தப் பக்கம் காத்திருந்தது. அவர் போயிருப்பார் என்றே நினைத்தேன். 8:57.

எங்களுக்கே இந்தப் பாடு, பெட்டி எங்கே வந்திருக்கப் போகிறது என்று விமானத்தில் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டி ரசீதில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். இறங்கிப் போனால், பெல்ட்டில் முதல் ஆளாக வந்தது எங்கள் பெட்டிதான்.

திரும்பும் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். “பதிவாகியிருக்கிறது” என்றால் விடாமல், “எந்த செக்மென்டில், அதாவது இரண்டில் எந்த விமானத்துக்கு? எந்த எழுத்து? உறுதியாகிவிட்டதா, வெறும் வேண்டுகோளா?” என்று கேட்டு, பதில் சொன்ன நேரத்தோடு எழுதிவைத்தேன். மறுநாள் சந்தேகம் வந்து இன்னொருமுறை போன் செய்தேன். அவர்களும் பொறுமையாக இன்னொருமுறை பதிவு செய்தார்கள்.

அதே விமான நிலையம். கதவு திறந்ததும் வாசலிலேயே ஆள் நின்றார்கள். ஒருவர் அல்ல, இரண்டு பேர், இரண்டு வீல்சேர். பட்டியலில் எங்கள் பி.என்.ஆரில் இரண்டு என்றுதான் இருக்கிறது என்றார் ஒருவர். நான் விளக்க வாயெடுத்தேன்.

“பரவாயில்லை, நீயும் உட்காருடா” என்றார் அம்மா.